சின்ன பின்தானே என்று விட்டால் சக்கரம் காலை வாரும்!
பள்ளத்தில் இறங்கிய மோட்டார் சைக்கிளை பார்ப்பது எப்படி?

சென்னை,

ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் நேரம். கொட்டும் மழை. ரோடு முழுக்க தண்ணீர். திடீரென்று "டமார்!" மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது.

"நல்லவேளை, விழலை" என்று ஆசாமி வீடு போய்ச் சேருகிறார். மறுநாள் காலை அதே வண்டி, அதே வேகம்!

வடகிழக்கு பருவமழை வந்துவிட்டால் சென்னையில் பலருக்கும் நடக்கிற கதை இது.

ஆள் தப்பித்தது சரி. சக்கரம் தப்பித்ததா? அதைப் பார்ப்பவர்கள் குறைவு.

கம்பி பேசும்

வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். என்ஜின் ஓடக்கூடாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

கம்பிச் சக்கரம் என்றால் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியாகத் தட்டுங்கள். பழைய புல்லட் சக்கரத்தில் 40 கம்பி. ஒன்றையும் விடக்கூடாது.

இறுக்கமான கம்பி "டிங்" என்று பாடும். லூசான கம்பி "டொக்" என்று அழும். ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகள் தலையில் விழும். பிறகு அவையும் ஒடியும்.

சாக்பீஸ் சோதனை

அடுத்தது கோட்டம். ஒரு சாக்பீசை ரிம்மில் படாமல் ஒட்டிப் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓர் இடத்தில் மட்டும் உரசினால் அங்கே கோட்டம். சக்கரம் மேலும் கீழும் துள்ளுகிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளின் கையேட்டில் 2 மில்லி மீட்டர்தான் எல்லை.

கம்பிச் சக்கரத்தில் கோட்டம் எடுத்து விடலாம். அலாய் சக்கரத்தில் விரிசல் விட்டிருந்தால் புதிதாக மாற்றுவதுதான் வழி. வெல்டிங் வைத்து ஓட்டுவது வினையை விலைக்கு வாங்குவது!

டயரின் பக்கவாட்டில் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயர் அவ்வளவுதான்.

சக்கரத்தின் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து குறுக்காக ஆட்டுங்கள். "கடக், கடக்" என்று ஆட்டம் கொடுத்தால் பேரிங்கை கவனிக்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய ரிம் வாங்கி மாட்டினாலும் சோதனை இதேதான்.

உயிர் எங்கே?

கழற்றுவது சுலபம். மாட்டுவதில்தான் உயிர் இருக்கிறது.

ஆக்சிலை உருவும்போது புஷ், வாஷர் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே தரையில் பேப்பர் விரித்து அடுக்குங்கள். படித்து முடித்த இந்தப் பத்திரிகையே போதும்! இடம், வலம் மாறாது.

பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் டார்க் ஆர்ம் என்று ஒரு பட்டை உண்டு. பிரேக் மிதிக்கும்போது பிரேக் பிளேட்டும் சக்கரத்தோடு சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்தப் பட்டைதான்.

இதை மாட்ட மறந்தால்? பிரேக் மிதித்த மறுகணம் பிளேட் சுழலும். பிரேக் ராடை முறுக்கி இழுக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு பஸ் வந்தால் கதி என்ன?

நட்டு கழலாமல் காப்பது ஸ்பிளிட் பின். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின்னை மறுபடி வளைத்தால் ஒடியும். புதிய பின் ஒரு டீ விலைகூட வராது. அதில் போய் மிச்சம் பிடிக்கலாமா?

செயின் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கமும் கோடு ஒரே அளவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சாய்ந்து ஓடும்.

டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது லிவரைத் தொடாதீர்கள். மாட்டிய பிறகு, கிளம்பும் முன்பு, பிடி இறுகும் வரை லிவரை அழுத்தி அழுத்தி விடுங்கள். மறந்தால் முதல் சிக்னலில் பிரேக் பிடிக்காது!

இரண்டு கேள்வி

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். பிரேக் போட்டால் நிற்க வேண்டும். முதலில் தெருவுக்குள் மெதுவாக ஒரு ரவுண்டு. மறுநாள் நட்டுகளை மறுபடியும் ஒருதடவை பார்ப்பது நல்லது.

இதெல்லாம் நம்மால் ஆகாது, மெக்கானிக்தான் கதி என்கிறீர்களா? தப்பில்லை. ஆனால், "அண்ணே, ஆபீசுக்கு டைம் ஆச்சு, சீக்கிரம்ணே" என்று அவரை விரட்டாதீர்கள். அவசரத்தில்தான் பின் மறந்துபோகும்.

வண்டியை எடுக்கும் முன்பு இரண்டே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, பின் புதுசு போட்டீங்களா? டார்க் ஆர்ம் நட்டு பார்த்தீங்களா?"

நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். குனிந்து இன்னொருமுறை பார்ப்பார்.

அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் அந்த இரண்டு நிமிஷம் கூடுதலாகக் காத்திருப்பார்கள்!