வைத்தியக் கல்வியும் கருணையும்

பெரிய வைத்தியசாலை ஒன்றின் நோயாளர் விடுதியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். காலை எட்டு மணி. பேராசிரியர் முன்னே வர, வெள்ளை அங்கி அணிந்த மாணவர் பதின்மர் அவரைத் தொடர்ந்து வருகின்றனர். ஒரு கட்டிலருகே அனைவரும் நிற்கின்றனர். "ஏழாம் கட்டில், ஈரல் வீக்கம், இன்று மூன்றாம் நாள்" என்று மாணவன் ஒருவன் தொடங்குகிறான். ஈரலின் அளவு, இரத்தப் பரிசோதனையின் முடிவு, கொடுக்கப்பட்ட மருந்து ஆகிய யாவற்றையும் பிழையின்றி ஒப்புவிக்கிறான். பேராசிரியர் தலையசைக்கிறார். மாணவர் ஒருவர்பின் ஒருவராய் முன்வந்து வயிற்றை அழுத்திப் பார்க்கின்றனர். பின்பு எல்லோரும் எட்டாம் கட்டிலுக்குச் சென்றுவிடுகின்றனர்.

ஏழாம் கட்டிலிற் கிடந்தவர் ஒரு கமக்காரர். அவருடைய வயல் அறுவடைக்கு நிற்கின்றது. மகளின் கலியாணத்துக்கு நாள் பார்த்தாயிற்று. அவர் கேட்க எண்ணியிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, நான் எழும்பி நடப்பேனா?" அதைக் கேட்க அவருக்கு வாய் எழவில்லை; அவர் வாய் திறக்கும்வரை நின்று பார்க்க எவரும் இல்லை.

இந்தக் காட்சியிலே குற்றவாளி யார்? மாணவன் சொன்னவற்றில் ஓர் எழுத்தும் பிழையன்று. பேராசிரியர் கற்பித்ததிலும் குறையில்லை. ஆயினும் அன்று அந்த மாணவர் பதின்மரும் ஈரலைப் பற்றி ஒரு பாடமும், ஈரலுக்கு உரியவரைப் பற்றி வேறொரு பாடமும் கற்றுச் சென்றனர். இரண்டாவது பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாதது. நோய் முக்கியம், நோயாளி நோயைச் சுமந்து வந்த ஒரு பாத்திரம் மாத்திரமே என்பதே அப்பாடம். நாளைய வைத்தியர்களின் நெஞ்சில் ஈரம் வற்றாதிருக்க வேண்டுமாயின், எழுதப்படாத அந்தப் பாடத்தைப் பற்றியே நாம் முதலிற் சிந்திக்கவேண்டும்.

வைத்தியர் ஒருவர் கடுகடுப்பாகப் பேசினால், "இவர் பிறவியிலேயே இரக்கமற்றவர்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மை அதுவன்று. வைத்தியம் கற்கப் புகும் இளைஞரிற் பெரும்பாலோர் பிறர் துன்பத்தைத் துடைக்கவேண்டும் என்ற ஆசையுடனேயே வருகின்றனர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜெஃபர்சன் வைத்தியக் கல்லூரியிலே 456 மாணவரை ஆண்டுதோறும் தொடர்ந்து ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பிறர் நிலையைத் தன் நிலையாக எண்ணிப் பார்க்கும் பண்பு அம்மாணவரிடத்து எவ்வளவு உண்டு என்பதை அளந்து பார்த்ததன் முடிவு அது. முதல் இரண்டு ஆண்டுகளில் அப்பண்பு குறையவில்லை. மூன்றாம் ஆண்டிலே திடீரெனக் குறைந்தது. பட்டம் பெறும்வரை அது மீளவும் இல்லை. அந்நாட்டின் நான்காண்டுக் கல்வியிலே மூன்றாம் ஆண்டு எத்தகையது தெரியுமா? நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் விட்டு, மாணவர் நோயாளர் விடுதிக்குள் காலடி எடுத்து வைக்கும் ஆண்டு அது. நோயாளியைக் காணாதிருந்தவரை உயிரோடிருந்த கருணை, நோயாளியைக் கண்ட ஆண்டிலேயே தேய்கின்றது! இதைவிட நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி வேறுண்டோ?

இதற்குக் காரணங்கள் பல. நித்திரையின்றி விழித்திருக்கும் இரவுகள் ஒன்று. பரீட்சைப் பயம் மற்றொன்று. மரணத்தை முதன்முதலாக அருகிருந்து காணும் இளம் உள்ளம், அதைத் தாங்கமாட்டாது தன்னைச் சுற்றி ஓடு ஒன்றை வளர்த்துக்கொள்வதும் உண்டு. இவை எல்லாவற்றிலும் வலியது முன்மாதிரி. தான் மதிக்கும் மூத்த வைத்தியர் நோயாளியின் பெயரைக் கேளாமலே பேசுவதை மாணவன் காண்கிறான். அதுவே திறமையின் அடையாளம் என்று எண்ணித் தானும் பழகுகிறான்.

கருவிகளும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. 1816ஆம் ஆண்டு வரை வைத்தியர் நோயாளியின் மார்பிலே தம் செவியை வைத்தே இதயத்தின் ஒலியைக் கேட்டனர். அந்த ஆண்டிலே பாரிஸ் நகரத்து லெனெக் என்ற வைத்தியர், இளம்பெண் ஒருத்தியின் மார்பிற் செவி வைக்கக் கூசி, கடதாசியைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். இன்று வைத்தியர் கழுத்திலே தொங்கும் ஸ்டெதஸ்கோப்பு அவ்வாறு பிறந்ததுதான். அது கூச்சத்தை மதித்துப் பிறந்த கருவி. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி. ஆயினும் செவிக்கும் நெஞ்சுக்கும் இடையே அதுவே முதல் இடைவெளியையும் உண்டாக்கிற்று. பின்னர் எக்ஸ்ரே வந்தது, ஆய்வுகூடம் வந்தது, இன்று கணினித் திரையும் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நோயை நமக்கு அண்மையாக்கியது. நோயாளியைச் சற்றுச் சேய்மையாக்கியது. கருவியை வெறுப்பது மடமை. அதனால் உண்டான இடைவெளியை வேறோர் வழியால் நிரப்பவேண்டும் என்பதை மறப்பதும் மடமையே.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் இயல்பு. "ஐயா, சத்திரசிகிச்சை செய்பவர் நோயாளியோடு சேர்ந்து அழுதால் கத்தி நடுங்காதோ? வைத்தியருக்கு வேண்டியது அறிவும் கைத்திறனுமே, இரக்கத்தை உறவினர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சிலர் கூறுவர். இத்தடையிலும் பாதி உண்மை உண்டு. வைத்தியருக்கு அமைதி இன்றியமையாதது. வில்லியம் ஒஸ்லர் என்ற புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர், 1889ஆம் ஆண்டு பட்டம் பெற்று வெளியேறிய மாணவருக்கு ஆற்றிய உரையில் வற்புறுத்தியதும் கலங்காத உள்ளத்தையே. ஆனால் அமைதி வேறு, அசட்டை வேறு. அமைதியுள்ளவர் நோயாளியின் துயரை அறிந்தும் கலங்காதிருப்பவர். அசட்டையுள்ளவர் அறியாமையினாலேயே கலங்காதிருப்பவர். ஒஸ்லர் அமைதியைப் போதித்த அதே வேளையில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே மாணவரை விரிவுரை மண்டபத்திலிருந்து எழுப்பி நோயாளியின் கட்டிலருகே கொண்டுசென்று கற்பித்தவரும் ஆவார். நூலின்றிக் கற்பவன் திசை தெரியாது தடுமாறுவான். நோயாளியின்றிக் கற்பவன் பயணத்தையே தொடங்காதவன் என்பது அவருடைய கொள்கை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பிரான்சிஸ் பீபொடி என்பவர் 1926ஆம் ஆண்டு தம் மாணவருக்கு ஆற்றிய உரையும் நினைவு கூரத்தக்கது. அவர் ஆய்வுகூடத்தை வெறுத்தவரல்லர். பொஸ்டன் நகரத்தில் பெரிய ஆய்வுகூடம் ஒன்றின் தலைவர். அவர் கூறியதன் சாரம் இது: நோய்க்குச் சிகிச்சை செய்வதில் மனிதத் தொடர்பு இல்லாதிருக்கலாம், நோயாளியைப் பேணுவதிலோ அது இல்லாதிருக்க முடியாது. அடுத்த ஆண்டிலே, நாற்பத்தைந்து வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது.

கருணை வெறும் அலங்காரமன்று. அதுவும் மருந்தே என்பதற்குச் சான்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு பொஸ்டன் நகரத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றிலே, வயிற்றில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 97 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியர் சென்று அமர்ந்து, பின்னர் எவ்விடத்தில் வலிக்கும், எவ்வளவு காலம் வலிக்கும், அதைத் தாங்குவதற்கு எவ்வாறு உடலைத் தளர்த்தவேண்டும் என்று எடுத்துரைத்தார். மற்றப் பிரிவினருக்கு அவ்வாறு கூறப்படவில்லை. எடுத்துரைக்கப்பட்டோருக்குத் தேவைப்பட்ட வலிநீக்கி மருந்து மற்றையோருக்குத் தேவைப்பட்டதிற் பாதியே. அவர்கள் ஏறக்குறைய மூன்று நாள் முன்னதாகவே வீடு திரும்பினர். சில நிமிடப் பேச்சு ஊசிமருந்தின் வேலையைச் செய்தது!

கேட்பதும் அத்தகையதே. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் 74 வைத்தியச் சந்திப்புகளை ஆராய்ந்தபோது, தம் குறையை முழுவதும் சொல்லி முடிக்க இடம்பெற்ற நோயாளர் 17 பேரே என்று தெரியவந்தது. வைத்தியர் குறுக்கிடுவதற்குச் சராசரியாகச் சென்ற நேரம் 18 விநாடி. நோயின் வரலாற்றை அறிந்தவர் நோயாளி ஒருவரே. அவர் சொல்லி முடிக்காத சொல்லிலே நோயின் திறவுகோல் இருக்கவும் கூடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பத்துக் குறட்பாக்களையுடையது. கற்ற வைத்தியன் எவற்றை அளந்து செயற்படவேண்டும் என்று கூறுமிடத்து வள்ளுவர் மூன்றினைக் குறிப்பிடுகின்றார். முதலில் நோயுற்றவன், அடுத்து நோய், அதன்பின் காலம். மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போதும் நோயாளியையே முதலில் வைத்தார். அவ்வரிசையை மாற்றிவைத்தமையே இன்றைய குறை எனலாம்.

நேயர்களே, இவ்வுண்மையை நமது மண்ணிலேயே செய்துகாட்டியவர் ஒருவர் உண்டு. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பிறந்து, 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் நாடி வேற்றிடங்களுக்குச் செல்வதை அவர் கண்டார். கிராமத்து நோயாளியோடு கிராமத்திலே வாழும் வைத்தியரை உருவாக்கவேண்டுமாயின், அந்நோயாளியின் மொழியிலேயே அவரைப் பயிற்றவேண்டும் என்று துணிந்தார். தாமே தமிழ் கற்று, உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு முதலிய துறை நூல்களைத் தம் மாணவரின் துணையுடன் தமிழிற் பெயர்த்து, அம்மொழியிலேயே வகுப்பும் நடத்தினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1884ஆம் ஆண்டு அவர் தம் ஊரிலே காலமானார். தமிழருக்குத் தொண்டு செய்தவர் என்ற குறிப்பே அங்கு அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

கிறீன் அவர்களின் வழியிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? இன்று நமது மருத்துவ பீடங்களில் ஆங்கிலமே போதனாமொழி. உலகத்து அறிவை உடனுக்குடன் பெறுவதற்கு அது வேண்டியதே. ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் நோவதில்லை. "நாரி உளையுது", "முட்டு இழுக்குது", "ஒரே அந்தரமாய்க் கிடக்குது" என்று கிழவி ஒருத்தி சொல்லுகின்றாள். அந்த "அந்தரம்" என்ற சொல்லுக்குள்ளே நெஞ்சு படபடப்பும் இருக்கலாம். கடல் கடந்த மகனிடமிருந்து கடிதம் வராத கவலையும் இருக்கலாம். இரண்டில் எதுவென்று பிரித்தறிய அகராதி உதவாது; அருகில் அமர்ந்து, "எப்போது தொடங்கினது, ஆச்சி?" என்று கேட்கும் பொறுமையே உதவும். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியும், மட்டக்களப்பு மீனவரும், அம்பாந்தோட்டைச் சிங்கள விவசாயியும் தத்தம் சொல்லிலேயே நோவைச் சொல்வர். ஆகவே, தமிழ் மாணவர் சிங்களத்தையும், சிங்கள மாணவர் தமிழையும் நோயாளியிடம் பேசும் அளவுக்கேனும் கற்றல், கருணைக் கல்வியின் முதற்படியாகும்.

இன்னும் சில படிகள் உள. தாய்லாந்திலே உடற்கூறு கற்கும் மாணவர், தாம் அறுத்துக் கற்கும் உடலைப் "பேராசான்" என்று அழைக்கின்றனர். பாடம் முடிந்தபின் அவ்வுடலின் ஈமக்கிரியையிற் கலந்து வணங்குகின்றனர். முதல் நோயாளியான அப்பிணத்தை வணங்கப் பழகியவன், உயிருள்ள நோயாளியைக் கட்டிலின் இலக்கமாக எண்ணக் கூசுவான். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே, ஆர்னோல்ட் கோல்ட் என்ற குழந்தை வைத்திய நிபுணரின் முயற்சியால், 1993ஆம் ஆண்டு தொடக்கம் புதிய மாணவருக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் வைபவம் நடைபெற்று வருகின்றது. பட்டம் பெறும் நாளிற் செய்யும் சத்தியம் காலங்கடந்தது. கற்கத் தொடங்கும் நாளிலேயே அதைச் செய்தல் வேண்டும் என்பது அவருடைய கருத்து.

வைபவம் ஒருநாளில் முடிந்துவிடும். நாள்தோறும் வேண்டப்படுவது ஆசிரியரின் முன்மாதிரி. நோயாளியின் பெயரைச் சொல்லி, "உங்களைப் பற்றி இவர்களுக்குச் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்கும் பேராசிரியர், நூறு விரிவுரைக்கு ஒப்பான பாடத்தை அரை நிமிடத்திற் கற்பிக்கின்றார். பரீட்சையிலும் இதற்கு இடம் வேண்டும். மாணவர் பரீட்சைக்கு வருவதையே கற்பர். ஈரலின் அளவுக்குப் புள்ளி உண்டெனின், நோயாளியின் அச்சத்தை அறிந்ததற்கும் புள்ளி இருத்தல் வேண்டும்.

மாணவரிடமும் நாம் கருணை காட்டவேண்டும். 1948ஆம் ஆண்டு ஜெனீவாவில் உலக வைத்திய சங்கம் வகுத்த வைத்தியர் பிரமாணம் 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, வைத்தியர் தம் உடல்நலத்தையும் பேணுவர் என்ற உறுதிமொழியும் அதிற் சேர்க்கப்பட்டது. வற்றிய கிணற்றிலிருந்து பிறர் தாகம் தீர்க்க இயலாது அன்றோ?

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இலவசக் கல்வியினாலே படித்து, மக்களின் வரிப்பணத்தினாலே பயிற்சி பெறும் நாடு இது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியிலும் ஒரு துளி அந்த வெள்ளை அங்கியில் நெய்யப்பட்டிருக்கின்றது. உயர்தரப் பரீட்சையிற் புள்ளி பெற்றுப் பிள்ளை மருத்துவ பீடம் புகும் நாளிலே ஊர் முழுவதும் மகிழ்கின்றது, மகிழட்டும். ஆனால் விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம், "இன்றைக்கு எத்தனை நோயைப் படித்தாய்?" என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். "ஏழாம் கட்டிலில் இருப்பவரின் பெயர் என்ன?" என்றும் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, அக்கமக்காரரின் அருகே மீண்டும் ஒருமுறை செல்லும். அவர் கேட்கத் தயங்கிய கேள்வியைத் தானே கேட்டு, அறிந்ததைச் சொல்லும். நமக்கு வேண்டிய வைத்தியர் அவரே.