வைப்பரைத் தேடும் விரல்

கார் ஷோரூமுக்குப் போகிறவர்களை இன்று முதலில் இழுப்பது இன்ஜின் அல்ல, டேஷ்போர்டின் நடுவில் நிற்கும் தொடுதிரைதான். விலை ஏற ஏறத் திரையும் பெரிதாகிறது; ஏசி, விளக்கு, வைப்பர் என்று ஒவ்வொன்றின் பொத்தானும் காணாமல் போய்த் திரைக்குள் அடைக்கலமாகிறது. விற்கிறவர்கள் இதை வசதி என்கிறார்கள். வண்டி ஓட்டுவதை ரசிக்கிறவர்களில் பலர் தொல்லை என்கிறார்கள். பழைய வண்டிப் பிரியர்களின் புலம்பல் என்று அதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இந்த வழக்கில் அளந்து பார்த்த சான்று அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஸ்வீடனின் 'வி பீலேகரே' என்ற கார் பத்திரிகை 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. விமான ஓடுதளம் ஒன்றில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே சில சில்லறை வேலைகளைச் செய்யவேண்டும்: ஏசியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டுவது, குறிப்பிட்ட ஒரு வானொலி நிலையத்தை வைப்பது, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது போன்றவை. ஓட்டுகிறவர்கள் அந்தந்த வண்டியோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70-இல் எல்லாம் 10 நொடியில் முடிந்தது. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. புத்தம்புதிய எம்ஜி மார்வெல் ஆர் என்ற மின்சாரக் காரில் அதே வேலைகளுக்கு ஏறக்குறைய 45 நொடி பிடித்தது, 1,372 மீட்டர். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் மட்டும் யோக்கியமா என்றால், அதற்கும் 928 மீட்டர் ஆனது. ஓடுதளத்தில் குறுக்கே வர ஒன்றுமில்லை. நம் நெடுஞ்சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை வரலாம், எதிர்த்திசையில் பைக் வரலாம், மாடும் வரலாம்.

இதே சோதனையில் திரை வைத்த வேறு இரண்டு கார்கள் தப்பித்தன என்பதையும் சொல்லவேண்டும். டாசியா சாண்டெரோ, வால்வோ சி40 இரண்டுமே 14 நொடிக்குள் முடித்துவிட்டன. ஆக, குற்றவாளி திரை அல்ல. எதை எந்த மெனுவுக்குள் எத்தனை அடுக்கு ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள் என்பதே விஷயம். ஏசியின் குமிழ் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பழகிவிட்டால் கை தானாகப் போய்விடும். இரண்டு 'கிளிக்' திருப்பியது விரலுக்கே தெரியும், கண் சாலையிலேயே இருக்கலாம். திரையோ வழவழப்பான கண்ணாடி. சற்றுமுன் பாட்டு இருந்த இடத்தில் இப்போது வரைபடம் இருக்கும். கண் அங்கே போய்ப் படித்து, குறிபார்த்து, விரல் சரியாகப் பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் சாலைக்குத் திரும்ப முடியும். வண்டி குண்டு குழியில் இறங்கினால் விரல் பக்கத்துக் கட்டத்தில் படும், எல்லாம் முதலிலிருந்து. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்பது 33 மீட்டர்.

இந்த வடிவமைப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. டெஸ்லா ஓட்டிய ஒருவர் மழையில் வைப்பர் வேகத்தை மாற்றத் திரையின் மெனுவுக்குள் தேடினார். வண்டி சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. கார்ல்ஸ்ரூவே உயர் நீதிமன்றம் 2020-இல் அந்தத் திரையையும் கைப்பேசியைப் போன்ற மின்னணுக் கருவியாகவே எடுத்துக்கொண்டு, அவருக்கு 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் விதித்தது சரியென்றது. ஓட்டுகிறவர் கவனமாக இருக்கவேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் மழையில் வைப்பரைத் தொடுவது விளையாட்டல்ல, ஓட்டும் வேலையின் ஒரு பகுதி. அதைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தவர் கூண்டில் ஏறவில்லை.

நிறுவனங்கள் இதை ஏன் விரும்புகின்றன என்பது புதிரல்ல. ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு, ஒயர், சோதனை என்று தனித்தனிச் செலவு உண்டு. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயமானதால் திரை எப்படியும் இருந்தாக வேண்டும். இருக்கும் திரையிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டால் காசு மிச்சம். எதிர்காலத்தைக் காட்டும் ஆசையும் உண்டு, அது புதிதும் அல்ல: பியூக் நிறுவனம் 1986-இலேயே ரிவியேரா காரில் தொடுதிரை வைத்தது. வாங்கியவர்கள் முணுமுணுத்ததில் சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டது.

மறுப்புகளில் வலுவானது, வரைபடத்துக்கும் பின்பக்கக் கேமராவுக்கும் திரைதான் சரி என்பது. ஒப்புக்கொள்ளவேண்டியதே. திரை வேண்டாம் என்பது வாதமல்ல. வண்டி ஓடும்போது தேவைப்படுவது கைக்கும், நிற்கும்போது செய்வது திரைக்கும் போகட்டும் என்பதுதான். வாயால் சொன்னால் போதுமே என்பது அடுத்த மறுப்பு. ஜன்னல் திறந்து, பின்சீட்டில் பிள்ளைகள் சண்டையிடும்போது தமிழும் ஆங்கிலமும் கலந்து ஆணையிட்டுப் பார்க்கிறவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும். மழையைத் தானே உணரும் வைப்பர் இருக்கிறதே என்றால், முன்னால் போகும் லாரி சேற்றை வாரி அடிக்கும் அந்த ஒரு நொடியில் சென்சாரின் யோசனைக்காக யார் காத்திருப்பார்கள்? கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறைக்கு இது கடினமில்லை என்பது எல்லாவற்றிலும் பலவீனமான வாதம். கைப்பேசியை யாரும் பார்க்காமல் இயக்குவதில்லை. ஓட்டும்போது அதைத் தொடக்கூடாது என்று சட்டம் இருப்பதும் அதனால்தான்.

காற்று இப்போது திசை மாறுகிறது. தொடுபட்டைகளை வைத்து நிறையத் திட்டு வாங்கிய ஃபோக்ஸ்வாகன், முக்கிய வேலைகளுக்குப் பொத்தான்களைத் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறது. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் இயக்கும் விசை இல்லாத கார்களின் மதிப்பெண்ணை 2026 முதல் குறைக்கிறது. இது சட்டமல்ல, ஆனால் நட்சத்திரம் குறைவதை நிறுவனங்கள் விரும்புவதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் போகவும் இல்லை: 2019-இல் ஓட்டும்போது தொடுதிரையே வேண்டாம் என்று குமிழுக்கு மாறிய மாஸ்டா, புதிய சிஎக்ஸ்-5 மாடலில் பெரிய திரைக்கே தாவிவிட்டது.

இந்தியாவில் 2023-இல் தொடங்கிய, அதேபோன்ற பாரத் என்கேப் பெரும்பாலும் மோதலுக்குப் பிறகு உயிர் தப்புவதைத்தான் அளக்கிறது. ஆகவே டெஸ்ட் டிரைவ் போகிறவர் தாமே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து, எதிரே சுவரைப் பார்த்தபடியே ஏசி விசிறியைக் குறைத்து, முன்கண்ணாடி மூடுபனியை நீக்கும் விசையைப் போட்டு, வைப்பரை வேகமாக்கிப் பார்க்கட்டும். கண் சுவரை விட்டு எத்தனை முறை இறங்குகிறது என்று பக்கத்து இருக்கையில் இருப்பவர் எண்ணினால் போதும்.