குருதியளவும் சட்டமும்

மதுவருந்தி வாகனஞ் செலுத்துதல் குற்றமென்பதை யாவரும் அறிவர். எவ்வளவு மது குற்றமாகும் என்னும் வினாவிற்கோ நாடுகள் ஒரே விடை பகர்வதில்லை.

இலங்கையில், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், 100 மில்லிலீற்றர் குருதிக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் எல்லையாக விதிக்கப்பட்டது. அதனை மீறும் சாரதிக்குத் தண்டப்பணம், சிறை, அனுமதிப்பத்திர இடைநிறுத்தம் ஆகியன உண்டு. உயிர்ச்சேதம் நேரின் தண்டனை மிகும். தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள இராமேசுவரத்திலோ, இந்தியச் சட்டப்படி எல்லை 30 மில்லிகிராமே. எனவே 50 மில்லிகிராம் உடைய ஒருவன் இக்கரையில் எல்லைக்கு உட்பட்டவன், அக்கரையிற் குற்றவாளி. கடல் கடந்தமையால் அவன் கண்ணும் கையும் மாறினவோ? சட்டம் குறிப்பது தண்டனையின் தொடக்கத்தையே. அபாயம் அதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது.

பனங்கள்ளை மதுவென எண்ணாதாரும் நம்மிடையே உளர். கள்ளிலும் சாராயத்திலும் உள்ளது ஒரே மதுசாரம்; சோதனைக் கருவி வேற்றுமை பாராட்டாது. உறங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பதும் மயக்கமே. குருதியின் மதுசாரம் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே குறையும். நள்ளிரவில் 200 மில்லிகிராம் உடையவனிடம் காலை 7 மணிக்கும் 95 எஞ்சியிருக்கும். குளித்தலும் கோப்பி அருந்துதலும் அதனை விரைவுபடுத்தா.

அவ்வேளையிலேதான் நம் பிள்ளைகள் மன்னார்த் தாம்போதி வழியே பள்ளிக்குச் செல்கின்றனர். எண்பது என்னும் எண்ணை அனுமதியெனக் கொள்ளுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.