ரயில் நிற்கும் ஊர்கள் - 9: பூனைக்கு முன்பே வந்தவர்கள்

ஜப்பானின் வாகயாமா ரயில் நிலையத்தில் 9-ஆம் நடைமேடையிலிருந்து இரண்டே பெட்டிகள் கோத்த ரயில் ஒன்று கிளம்புகிறது. 14.3 கிலோமீட்டர் தூரம், 14 நிலையங்கள், அரை மணி நேரப் பயணம். கடைசி நிலையம் கிஷி. அதற்கு அப்பால் தண்டவாளம் கிடையாது.

கிஷி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தாமா என்கிற மூவண்ணப் பூனை. 2007 ஜனவரியில் அதை முறைப்படி ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார்கள். தலைக்குப் பொருத்தமாக ஒரு தொப்பி. சம்பளமாகப் பூனைத் தீனி. இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தாமாவுக்கு முன்பே அந்த ரயிலுக்காக நின்ற மனிதர்களைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

மூன்று ஷின்டோ கோயில்களுக்குப் போகும் பக்தர்களுக்காக 1916-ல் தொடங்கிய பாதை இது. 1933-ல் கிஷி வரை நீண்டது. 1974-ல் சுமார் 36 லட்சம் பேர் இதில் பயணம் செய்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. 2005-ல் பயணிகள் சுமார் 19 லட்சமாகச் சரிந்தார்கள். அதற்குள், பாதையை நடத்திவந்த நான்காய் நிறுவனம் நஷ்டம் தாங்காமல் விலகுவதாக அறிவித்துவிட்டது. ரயில் நின்றுபோனால் பள்ளி மாணவர்களும், கார் ஓட்ட முடியாத முதியவர்களும் என்ன செய்வார்கள்?

2004-ல் ஊர் மக்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆண்டுச் சந்தா 1,000 யென். 6,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மனு கொடுத்ததோடு அவர்கள் ஓயவில்லை. நாமே ஏறிப் பயணம் செய்தால்தான் ரயில் நிலைக்கும் என்று அக்கம்பக்கத்தாரிடம் எடுத்துச் சொன்னார்கள். அந்த ஒற்றுமைக்கு அரசும் இறங்கி வந்தது. நிலத்தை வாங்கும் செலவை மாநில நிர்வாகம் ஏற்றது. 10 ஆண்டுகளுக்கு நஷ்டத்தை ஈடுகட்ட 82 கோடி யென் வரை தருவதாக உள்ளாட்சிகள் உறுதி கூறின. ஒகாயாமாவைச் சேர்ந்த டிராம் நிறுவனம் பொறுப்பேற்க முன்வந்தது. அதன் துணை நிறுவனமான வாகயாமா மின்ரயில் நிறுவனம் 2006 ஏப்ரல் 1 முதல் ரயிலை ஓட்டத் தொடங்கியது.

செலவைக் குறைக்க, கிஷி ஊழியர் இல்லாத நிலையமானது. பக்கத்துக் கடைக்காரர் வளர்த்த பூனைகள் தங்கியிருந்த கொட்டகையும் இடம் கைமாறியதால் போக வேண்டியதாயிற்று. பூனைகள் ஸ்டேஷனிலேயே இருக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். புதிய நிறுவனத்தின் தலைவர் மிட்சுனோபு கோஜிமா தாமாவுக்கு வேலையே கொடுத்துவிட்டார்.

2010-ல் எழுந்த புதிய நிலையக் கட்டிடத்தை நின்று பார்க்க வேண்டும். வடிவமைத்தவர் எய்ஜி மிட்டோகா. பழைய கோயில்களுக்குச் செய்வதுபோல மரப்பட்டைகளை நெருக்கமாக அடுக்கி வேய்ந்த கூரை. அதன் மேல் இரண்டு காதுகள். கீழே கண்களாக ஜன்னல்கள். முழுக் கட்டிடமும் ஒரு பூனை முகம். 2015 ஜூனில் தாமா இறந்தபோது இறுதிச் சடங்குக்குச் சுமார் 3,000 பேர் திரண்டார்கள். நடைமேடையில் அதற்கு ஒரு சிறு கோயிலும் உண்டு. பதவி நித்தாமா என்கிற பூனைக்குப் போனது.

தாமா புகழ் பெற்ற பிறகு பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். அப்போதும் அந்தப் பாதை லாபம் ஈட்டவில்லை. அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஊர்ச் சாலை என்ன லாபம் தருகிறது என்று நாம் கேட்பதில்லை; பள்ளிக்கூடத்திடமும் கேட்பதில்லை. ரயிலிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

தாமா கூட்டத்தைக் கூட்டி வந்தது. அந்தக் கூட்டம் ஏறிவர ஒரு ரயில் மிஞ்சியிருந்ததற்குக் காரணம், 1,000 யென் சந்தா கட்டிய அந்த ஊர்க்காரர்கள். ஸ்டேஷன் மூடப்படும் நிலையில் இருக்கும் எந்த ஊரும் கிஷியிடம் கற்க வேண்டியது இதைத்தான்: முதலில் சங்கம் சேருங்கள், டிக்கெட் வாங்கி ஏறுங்கள்.

(அடுத்த வாரம்: ரயில் நின்ற பிறகும் டிக்கெட் விற்கும் ஹொக்கைடோ ஸ்டேஷன்)