கணினி தபால் எடுத்து வருவது எப்படி?
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

கைப்பேசியில் சிறு மணியோசை கேட்கிறது. மின்னஞ்சல் வந்துவிட்டது என்கிறோம். ஆனால் அந்தக் கடிதம் தானாக நடந்து நம் கைக்கு வரவில்லை. அது எங்கோ ஒரு பெரிய கணினியில், 'சர்வர்' என்னும் அஞ்சல் நிலையத்தில், நமக்கென ஒதுக்கிய பெட்டியில் கிடக்கிறது. நம் கருவியிலுள்ள ஒரு நிரல் அங்கே சென்று, கதவைத் தட்டி, பெயர் சொல்லி, அடையாளம் காட்டி, கேட்டு வாங்கி வருகிறது. அங்கே நடைபெறும் பேச்சுதான் என்ன? நம்மைப் போன்ற மாணவியரும் அதை நடத்த இயலுமா? இயலும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கடிதத்தை அனுப்புவதற்கு ஒரு மொழி, எடுப்பதற்கு வேறொரு மொழி என்பதை முதலில் அறிய வேண்டும். அனுப்பும் மொழியின் பெயர் எஸ்.எம்.டி.பி. அது 1982-இல் வகுக்கப்பட்டது. எடுப்பதற்கு இரு மொழிகள் உண்டு: 1984-இல் முதல் வடிவம் பெற்ற 'பாப்', அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் உருவாக்கிய 'ஐமேப்'. தபால்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அவருடைய பையில் அது இராது அல்லவா? பாப் பெரும்பாலும் அவ்வாறே பயன்பட்டது. ஐமேப் நம் விடுதி அலுவலக அலமாரி போன்றது. கடிதம் அங்கேயே இருக்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போய்ப் படித்துக்கொள்ளலாம். கைப்பேசி, கணினி இரண்டிலும் ஒரே கடிதத்தைப் பார்க்க முடிவது இதனால்தான்.

இந்தியாவில் ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. அதில் முதலிலேயே இடம் பெற்றது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான். நம் பெற்றோர் பள்ளியில் படித்த காலம் அது!

இனி 'லைப்ரரி' என்பதைப் பார்ப்போம். நமக்கு லைப்ரரி என்றால் திருக்கோகர்ணத்து ஞானாலயா நினைவுக்கு வரும். நிரல் எழுதுவோருக்கும் அப்படி ஒன்று உண்டு. அங்கே நூல்களுக்குப் பதிலாக, யாரோ முன்பே எழுதிச் சோதித்து வைத்த செயற்கூறுகள் இருக்கும். வேண்டியதைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும். பைத்தான் மொழியில் ஐமேப்புக்கான லைப்ரரியின் பெயர் 'ஐமேப்லிப்'. பியர்ஸ் லாடர் என்பவர் 1997 டிசம்பரில் எழுதியது. பைத்தானுடன் இலவசமாகவே வருகிறது. அக்காவின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தானின் அரிச்சுவடியைக் கற்றுக்கொண்டு இதைத் தொட்டேன்.

தொட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியும், கணினி தெரியாது. ஆகவே மாமா அம்மாவின் முகவரிக்குத் தமிழில் எழுதுவார், அம்மா வாசித்துக் காட்டுவார். 2021-இல் மாமா காலமானார். அந்தக் கடிதங்களைத் தாளில் பார்க்க வேண்டும் என்று அம்மாச்சி கேட்டார். அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. எல்லாம் அம்மாவின் ஜிமெயில் பெட்டியில், ஆயிரக்கணக்கான வங்கிச் செய்திகளுக்கும் விளம்பரங்களுக்கும் இடையே கிடந்தன. ஒன்றொன்றாகத் திறந்து அச்சிட ஒரு கோடை விடுமுறை போதாது.

வேலையை ஆறு செயற்கூறுகள் செய்து முடிக்கும். முதலாவது, சர்வரின் பெயரையும் கதவெண்ணையும் பெற்றுக்கொண்டு, பிறர் ஒட்டுக்கேட்க முடியாத இணைப்பைத் திறக்கிறது. ஐமேப்பின் பாதுகாப்பான கதவெண் 993. இரண்டாவது 'லாகின்', பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்கிறது. மூன்றாவது 'செலக்ட்', எந்த அறை என்று குறிக்கிறது. நான்காவது 'சர்ச்', இன்னாரிடமிருந்து வந்தவை, இன்ன நாளுக்குப் பிந்தியவை என்று தேடச் சொல்கிறது. (நாளைக் குறிக்க ஆங்கில மாதத்தின் முதல் மூன்றெழுத்தைத்தான் தர வேண்டும். தை, மாசி எல்லாம் சர்வருக்குத் தெரியாது!) ஐந்தாவது 'ஃபெட்ச்', கடிதத்தைக் கொண்டு வருகிறது. ஆறாவது 'லாகவுட்', விடைபெற்று வருகிறது.

ஒவ்வொரு செயற்கூறும் உள்ளே செய்வது என்ன? ஒரே ஒரு வரியைச் சர்வருக்கு அனுப்புகிறது. அந்த வரியின் முன்னே வங்கி டோக்கன் போல் ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது. சர்வர் வேலையை முடித்ததும் அதே டோக்கனைக் கூப்பிட்டு 'ஓகே', 'நோ', 'பேட்' என்னும் மூன்றில் ஒன்றைச் சொல்கிறது. 'நோ' என்றால் இயலாது. 'பேட்' என்றால் நீ கேட்டதே புரியவில்லை. 'பேட்' வந்தால் செயற்கூறு பிழை எழுப்பிவிடும்; மற்றச் சொல்லைப் பெரும்பாலும் நம்மிடம் அப்படியே ஒப்படைக்கிறது. அதைப் பார்க்காமல் அடுத்த வரிக்குத் தாவினால், இல்லாத அறைக்குள் கடிதம் தேடிக்கொண்டிருப்போம்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. 'ஃபெட்ச்' செய்யும்போது சாதாரணமாகக் கேட்டால், சர்வர் அக்கடிதத்தைப் 'படிக்கப்பட்டது' என்று குறித்துவிடும். அம்மா இன்னும் திறவாத கடிதமும் திறந்ததாகிவிடும். 'பீக்', அதாவது எட்டிப் பார்த்தல், என்னும் சொல்லைச் சேர்த்துக் கேட்டால் குறி விழாது. 'செலக்ட்' செய்யும்போதே 'படிக்க மட்டும்' என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது. அப்போது நிரல் என்ன தவறு செய்தாலும் சர்வர் பெட்டியில் கைவைக்க விடாது. நான் இப்படித்தான் செய்தேன். ஒரே பிரதியாக உள்ள கடிதங்களிடம் வேறெப்படி நடந்துகொள்வது?

நீக்குவதில் இன்னும் பெரிய ஆபத்து. பெட்டியில் கடிதங்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் உண்டு. அது நிலையான எண் அன்று. 3-ஆம் கடிதத்தை நீக்கிப் பெட்டியைத் துப்புரவு செய்தால், 4-ஆவது உடனே 3-ஆவது ஆகிவிடும். அடுத்து 4-ஐ நீக்கு என்றால், முன்பு 5-ஆக இருந்த பாவமறியாத கடிதம் போய்விடும். இதற்காகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் 'யு.ஐ.டி.' என்ற தனி எண்ணும் உண்டு. ஒருவர் போனாலும் மற்றவரின் எண் மாறாது, நம் பள்ளிச் சேர்க்கை எண்ணைப் போல. நிரல் எழுத விரும்பும் தோழியர் வரிசை எண்ணை விட்டு இதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்தது, ஆனால் தமிழைக் காணோம்! திரையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் பொருளின்றி வரிவரியாக நின்றன. காரணம் பழையது. 1982-இன் அஞ்சல் மொழி 128 குறிகளை மட்டுமே அறியும். அதில் அகரத்துக்கும் இடமில்லை, ககரத்துக்கும் இடமில்லை. 1992-இல் நதானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 'மைம்' என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தனர். எந்த மொழியையும், படத்தையும்கூட, அந்தச் சில குறிகளால் வேடமிட்டு அனுப்பும் வழி அது. 'அம்மா' என்ற சொல்லைப் பாருங்கள். கணினிக்கு அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்ற ஐந்து உறுப்புகள். யூடிஎஃப்-8 முறையில் உறுப்புக்கு 3 பைட் வீதம் 15 பைட். பேஸ்-64 என்னும் வேடம் 3 பைட்டை 4 குறிகளாக்கும். எனவே 20 குறிகள். மூன்று எழுத்துச் சொல் இருபது குறிகளாய் நீண்டு கடல் கடந்து வருகிறது. பைத்தானிலுள்ள 'ஈமெயில்' என்ற மற்றொரு லைப்ரரி அந்த வேடத்தைக் கலைத்துத் தமிழைத் திருப்பித் தருகிறது. கடிதத்தின் பொருள் வரிக்கு வேடம் தனி, உடலுக்குத் தனி; இரண்டையும் கலைக்க வேண்டும். அம்மா 'தம்பி' என்று தமிழில் பெயரிட்ட அறை ஒன்று இருந்தது. அதுவோ மூன்றாவது வேடம்: & குறியில் தொடங்கிச் சிறு கோட்டில் முடியும் ஒரு விசித்திரப் பெயர். ஐமேப்லிப் அதைக் கலைக்காமல் அப்படியே கொடுக்கும். அதற்குரிய சில வரிகளை நாமே எழுத வேண்டியதுதான்.

கடவுச்சொல்லைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இத்தகைய நிரல்களில் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதைக் கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஏற்படுத்திய பின், ஒரு நிரலுக்கென்று 16 எழுத்துள்ள தனிக் கடவுச்சொல்லைப் பெறலாம். வேலை முடிந்ததும் அதை ரத்து செய்துவிடலாம். அம்மா தாமே அருகிலிருந்து அதைத் தட்டினார். அன்றிரவே ரத்தும் செய்தார்.

இந்த நிரல் ஜிமெயிலுக்கு மட்டும் உரியதன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2008 முதல் அஞ்சல் சேவை நடத்துகிறது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல்களும் அதன் தளத்துக்கு மாறிய செய்தி 2025-இல் நாளிதழ்களில் வந்தது. அங்கும் கதவெண் 993, அங்கும் அதே ஆறு செயற்கூறுகள். சர்வரின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எல்லோரும் ஒரே மொழியைப் பேச ஒப்புக்கொண்டதால் விளைந்த நன்மை இது. லைப்ரரிகளுக்கும் முதுமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கிறிஸ்பின் எழுதிய 'சி-கிளையன்ட்' லைப்ரரியின் மேல்தான் பி.எச்.பி. மொழியின் ஐமேப் செயற்கூறுகள் நின்றன. கிறிஸ்பின் 2012-இல் மறைந்தார். நெடுங்காலம் பராமரிப்பார் இன்றிக் கிடந்ததால், 2024-இல் வெளிவந்த பி.எச்.பி. 8.4 அவற்றைத் தன் உள்வீட்டிலிருந்து வெளியே வைத்துவிட்டது.

அம்மாச்சி கடிதங்களைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "கடிதம் தமிழ், முகவரி மட்டும் ஏன் இங்கிலீஷ்?" தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ள 2012-இல் விதி வகுத்தாயிற்று. '.இந்தியா' என்று முடியும் தமிழ்ப் பெயர்களும் உள்ளன. ஜிமெயில் 2014 முதல் அத்தகைய முகவரிகளோடு கடிதப் போக்குவரத்துக்கு இடம் தருகிறது. பைத்தானின் அனுப்பும் லைப்ரரி 2015 முதல் அவற்றை அறியும். ஆனால் கடிதம் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு சர்வரும் 'எனக்கும் தெரியும்' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நடுவில் ஒன்று சொல்லாவிட்டால், கடிதம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும்.