366-ஆம் நாளில் நின்றுபோன கருவி

2008-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'சூன்' என்னும் பாட்டுக் கருவியில் 30 கிகாபைட் வகையை வைத்திருந்தவர்கள் அன்று அதை இயக்கியபோது, தொடக்கத் திரையோடு அது அசையாமல் நின்றுவிட்டது. பாட்டரி முழுவதும் தீரட்டும், மறுநாள் நண்பகலுக்குப் பின் மீண்டும் இயக்குங்கள் என்றது நிறுவனம். அப்படியே சரியாகவும் ஆயிற்று. இது என்ன விந்தை?

அக்கருவி 1980 ஜனவரி 1 முதல் நாட்களை எண்ணி வந்தது. அந்த எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிப்பது நிரலின் ஒரு சிறு பகுதி. நாட்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை, ஆண்டாண்டாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். லீப் ஆண்டு வந்தால், நாட்கள் 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழிக்க வேண்டும். மீதி சரியாக 366 என்றால்? அது 365-க்கு மேல் என்பதால் வெளியேற முடியாது. 366-க்கு மேல் இல்லை என்பதால் கழிக்கவும் முடியாது. செக்குமாடு போல் நிரல் சுற்றிக்கொண்டே இருந்தது. 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366-ஆம் நாள்!

அந்தச் சிறு பகுதியைத் தனியே எடுத்து, "366 கொடுத்தால் 1980 வர வேண்டும்" என்று ஒரே ஒரு முறை சோதித்திருந்தால் பிழை அன்றே அகப்பட்டிருக்கும். இப்படி நிரலின் சிறு பகுதி ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதற்கு அலகுச் சோதனை என்று பெயர். சோதிப்பதும் ஒரு நிரலே.

நீங்கள் ஒரு நூலகத்துக்கு இணையதளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். தாமதமாகத் திரும்பும் நூலுக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய் அபராதம். இக்கணக்கை இணையப் பக்கத்தோடும் தகவல் தளத்தோடும் பின்னிவிடாமல் தனிப் பகுதியாக எழுதுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்தது. இன்னொன்று முக்கியம்: இன்றைய தேதியை அப்பகுதி தானே கடிகாரத்தில் பார்க்கக் கூடாது, நாம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஜூலை மாதத்தில் உட்கார்ந்துகொண்டே பிப்ரவரியைச் சோதிக்கலாம். பிப்ரவரி 28-இல் தர வேண்டிய நூல் மார்ச் 1-இல் வந்தால் 2023-இல் அபராதம் 1 ரூபாய். 2024-இல் 2 ரூபாய். கெடு நாளன்றே வந்தால் சுழி. இம்மூன்றையும் சோதனையாக எழுதுங்கள். சாதாரண நாட்களில் பிழை அதிகம் ஒளிவதில்லை, எல்லைகளில்தான் ஒளிகிறது.

பைத்தான் மொழியில் எழுதுவோருக்குப் 'பைடெஸ்ட்' என்னும் இலவசக் கருவி உண்டு. அதை நிறுவ ஒரு கட்டளை போதும். சோதனைக் கோப்பின் பெயரை 'டெஸ்ட்' என்ற சொல்லும் ஓர் அடிக்கோடுமாகத் தொடங்கினால், அதுவே தேடி எடுத்து ஓட்டும். தேறிய சோதனைக்கு ஒரு புள்ளி, தவறியதற்கு 'எஃப்' எழுத்து. எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்பதும் திரையில் தெரியும். (சூன் பிழையாக இருந்தால் 'எஃப்' கூட வராது; சோதனை முடியாமலே ஓடும். ஆகவே கால வரம்பும் வைப்பது நல்லது.) நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள், சில நொடி வேலைதான்.

எல்லாம் தேறிய பிறகும், பக்கத்திலுள்ள பொத்தான் அபராதக் கணக்கோடு இணைக்கப்படாமலே இருக்கலாம். அதை அலகுச் சோதனை காட்டாது. அதற்கு உறுப்புகளைச் சேர்த்துச் சோதிக்கும் வேறு முறை இருக்கிறது.