விலாசம் கேட்காமல் சேர்க்காதீர்கள்

போன மாதம் காரைக்குடிக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வளவில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகள் போனோடு பக்கத்தில் வந்தாள். பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறாள்.

"சித்தப்பா, லிங்க்ட்இன்ல 212 ரிக்வெஸ்ட் நிக்குது. மொத்தமா அக்செப்ட் பண்ணிடவா? ஐந்நூறு தாண்டினாத்தான் ஹெச்.ஆர். ஆளுங்க திரும்பியே பார்ப்பாங்களாம்."

"அதுல எத்தனை பேரை உனக்குத் தெரியும்?"

"ஒரு முப்பது பேர் இருக்கும். மத்தவங்களை விட்டுட்டா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்று அழைத்தே பழகியவர்களுக்கு, போனில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பக் கை வருவதில்லை. ஆனால் அந்த அழைப்பை 'இக்னோர்' செய்தால் எதிராளிக்குத் தகவல் எதுவும் போகாது. ஏற்கெனவே சேர்த்த ஒருவரை நீக்கினாலும் அப்படித்தான். மனத்தாங்கலுக்கே அங்கே இடமில்லை.

வரிசையில் ஒன்றைத் திறந்து பார்த்தோம். கோட் போட்ட ஓர் ஆளின் படம். பாங்காக்கில் ஆள் எடுக்கும் மேலாளர், பதினோரு வருட அனுபவம், கூடவே 14 பேர் பொதுத் தொடர்பு. 'இந்தச் சுயவிவரம் பற்றி' என்ற இடத்தைத் தட்டியதும், கணக்குத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று தெரிந்தது. அதை மட்டும் வைத்து ஆளைப் போலி என்று சொல்லிவிட முடியாது. பழைய ஆட்களும் புதிதாகக் கணக்குத் தொடங்குவார்கள். அதனால் அந்த 14 பேரில் இருந்த சீனியர் ஒருத்திக்குப் போன் போடச் சொன்னேன். "எனக்கு எங்கடி அவரைத் தெரியும்? மியூச்சுவல்ல நம்ம டிபார்ட்மென்ட் அண்ணன் பேர் இருந்துச்சு, அதான் சேர்த்தேன்" என்றாள் அவள். அந்த அண்ணனைக் கேட்டால், அவர் இன்னொருத்தர் பேரைப் பார்த்துச் சேர்த்தாராம். பதினான்கு பேர் சிபாரிசு செய்கிற அந்த ஆளை, நாங்கள் விசாரித்தவரை ஒருவரும் பார்த்ததில்லை.

'அக்செப்ட்' என்பது வணக்கம் சொல்வது போன்ற காரியமில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு உங்கள் பெயரில் எழுதித் தரும் சிபாரிசுக் கடிதம் அது. அடுத்த பிள்ளை அவரை நம்புவதற்கு நீங்கள்தான் சாட்சி.

செட்டிநாட்டுக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமும் இல்லை. நகரத்தார் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் கோயில், யாரு வீடு என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு. ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொடுக்கல் வாங்கலுக்குப் பேர் மட்டும் போதாது, விலாசம் வேண்டும். முன்னெழுத்துகளைக் கோத்து எழுதும் அந்த விலாசத்தைப் பார்த்தே எந்தக் குடும்பம், எந்தக் கடை என்று சொல்லிவிடுவார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்தப் போன காலத்தில், கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டுக்குத் தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளமும் கப்பல் ஏறுமுன்பே பேசி முடிந்துவிடும். ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ போகும் பையனுக்குத் தான் யாரிடம் வேலைக்குப் போகிறோம் என்பது தெரியும்.

அதே மோல்மேனுக்குக் கிழக்கே, தாய்லாந்து எல்லையில் இருக்கிறது மியாவாடி. 2022-இல் நம் பிள்ளைகள் பலர் போய் மாட்டிக்கொண்ட ஊர். தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்' வேலை என்று ஆசை காட்டி, ஐ.டி. தெரிந்த இளைஞர்களைச் சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜெண்டுகள் மூலமும் வளைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று எச்சரித்தது. தாய்லாந்தில் இறங்கியவர்களை எல்லை தாண்டிச் சட்டவிரோதமாகக் கொண்டுபோய் அடைத்தார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் மீட்கப்பட்டு ஊர் திரும்பியவர்களில் 13 பேர் தமிழர்கள். அதோடு முடியவும் இல்லை. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை அழைத்துவர வேண்டியிருந்தது.

அங்கே அடைபட்டவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? போலிப் பெயரில் கணக்குத் திறந்து, முகம் தெரியாதவர்களுக்கு நட்பு அழைப்பு அனுப்பி, பேசிப் பழகி, கிரிப்டோ முதலீட்டில் இழுத்துவிடுவது. இன்று உங்கள் போனில் வந்து நிற்கும் அழகான படத்துக்குப் பின்னால், அடி வாங்கிக்கொண்டு தட்டச்சு செய்யும் இன்னொரு வீட்டுப் பிள்ளை இருக்கலாம்.

இந்த வலை, வேலை தேடுகிறவர்களை மட்டும் குறிவைப்பதில்லை. பிரிட்டனின் உளவு அமைப்பான எம்.ஐ.5, தொழில்முறைத் தளங்களில் பகை நாடுகளின் ஆட்கள் அனுப்பும் போலி அழைப்புகளைப் பற்றி 2021 ஏப்ரலில் தனிப் பிரசாரமே நடத்தியது. ஐந்தாண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டன் குடிமக்களை இப்படி அணுகியிருக்கிறார்கள் என்றது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர் காரைக்குடி. ஆய்வகத்தில் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சுயவிவரத்தில் வரி பிசகாமல் எழுதிவைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒருவரைச் சேர்த்தால் எதையெல்லாம் திறந்துவிடுகிறோம்? நீங்கள் அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், அவர் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பார்க்கலாம். உங்களோடு யார் யார் தொடர்பில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்க்கலாம். நேரடியாகச் செய்தி அனுப்பலாம். இவற்றில் அந்தப் பட்டியல்தான் மோசக்காரனுக்குப் புதையல். அதை மறைத்து வைக்க வழி இருக்கிறது. யார் அழைப்பு அனுப்பலாம் என்பதையும், உங்கள் மின்னஞ்சல் தெரிந்தவர்கள் மட்டும் என்று சுருக்கலாம். வேலை தேடும் காலத்தில் அவ்வளவு இறுக்கம் சரிவராது என்பது என் எண்ணம். அழைப்பு வரட்டும், சேர்ப்பதில் நிதானமாக இருந்தால் போதும். 'இக்னோர்' செய்த பிறகு 'இவரை எனக்குத் தெரியாது' என்று தட்டிவிட்டால், அந்த ஆள் மறுபடி அழைப்பு அனுப்ப முடியாது.

சந்தேகம் இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே அவருடைய நிறுவன மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, இப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். "இங்கே வேண்டாம், டெலிகிராமுக்கு வாங்க" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட் என்று ஆரம்பித்தாலும் அதேதான்.

வெளிநாட்டு வேலை என்றால் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பதிவு பெறாத ஏஜெண்டு ஆள் அனுப்பவே கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியலை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ரூ.30,000-உம் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் பேச்சை அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. வேலை விஷயமாகச் சேர்ந்தவர் 'டி.பி. நல்லாருக்கு' என்று தொடங்கி விடாமல் நச்சரித்தால், பேசாமல் இருந்து பார்ப்பதைவிட 'எனக்கு விருப்பமில்லை, இனி எழுத வேண்டாம்' என்று தெளிவாக ஒரு வரி அனுப்பி அதைப் படம் எடுத்து வைப்பது நல்லது. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. அந்த ஒரு வரி பிற்பாடு வழக்குக்குப் பலம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் செய்வது 'பிளாக்'. அதைக் கடைசியில் செய்யுங்கள். பிளாக் செய்தால் அந்தப் பக்கம் உங்களுக்கே தெரியாமல் போய்விடும். பேரையும் படத்தையும் அவர்கள் மாற்றிவிடுவார்கள் என்பதால், சுயவிவரத்தின் இணைய முகவரியை முதலில் நகலெடுங்கள். உரையாடலைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பணம் அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போன கணக்கை முடக்க அதுதான் விரைவான வழி, தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். சைபர்கிரைம்.கவ்.இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். சிவகங்கை மாவட்டத்துக்கும் தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. 'இது எங்கள் எல்லை இல்லை' என்ற பதிலுக்கு இப்போது இடமில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் குற்றம். உங்கள் பெயரிலேயே யாராவது கணக்குத் திறந்திருந்தால் 66சி-யும் பொருந்தலாம். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியும் அவர் முடிவு சரியாக இல்லையென்றால், அந்த முடிவு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இணையவழிதான், வக்கீல் தேவையில்லை.

அண்ணன் மகள் அன்று சாயந்திரத்துக்குள் 37 பேரைச் சேர்த்தாள், மிச்சத்தை விட்டுவிட்டாள். பாங்காக் மேலாளரைப் பற்றித் தளத்துக்குப் புகார் செய்தாள். கையோடு சீனியருக்கும் போன் போட்டுப் பட்டியலிலிருந்து அவரை எடுக்கச் சொன்னாள்.

உங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது தாய்லாந்துக்கோ கம்போடியாவுக்கோ அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டால், இந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: 1800 309 3793. வெளிநாட்டு வேலைக்குப் போகும் தமிழர்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் கட்டணமில்லாத உதவி எண். விமானம் ஏறுவதற்கு முன்பே கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.